தாவோ தே ஜிங்கில் ‘திரும்புதல்’: முதன்முறை படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாவோயியம் என்ற பழைய சீனச் சிந்தனை மரபைப் பற்றி எங்கே தேடினாலும், அதன் அடிப்படை நூலான தாவோ தே ஜிங்கின் ஒரு வரி முன்னால் வந்து நிற்கும்: ‘திரும்புதலே தாவோவின் இயக்கம்.’ (‘தாவோ’ என்றால் வழி.) படித்தவுடன் புரிந்துவிட்டது போலவும் இருக்கும். மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், இன்றைக்கு அழுகிறவர் நாளைக்குச் சிரிப்பார் என்று நாமே பொருள் சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அப்படிப் போனால் நூலின் பாதி கைநழுவிவிடும்.

இந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையத் தடுமாறியவன் நான். ஓர் ஆங்கிலப் பதிப்பு இதை ‘எதிர்மாறு’ என்கிறது, இன்னொன்று ‘திரும்பி வருதல்’ என்கிறது. பழைய உரையாசிரியர்களோ இரண்டிலும் அடங்காத பொருளைச் சொல்கிறார்கள். எந்த அத்தியாயத்தை எதோடு சேர்த்துப் படிப்பது, எதற்குக் காசு செலவழிப்பது, எங்கே நிறுத்திக்கொள்வது என்று தமிழில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. நீங்களும் அதே சுற்றில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்நூலை எழுதியதாக மரபு சொல்லும் லாவோ ட்சு யார், உண்மையில் இருந்தாரா, எப்போது வாழ்ந்தார் என்பதற்குள் நான் போகவில்லை. அது தெரியாமலே இந்தப் படிப்பை முடிக்கலாம்.

1. கையில் என்ன வேண்டும், என்ன செலவாகும்

முதல் தேவை ஒரு தமிழ்ப் பதிப்பு. கவிஞர் சி. மணி மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட ‘தாவோ தே ஜிங்’ கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கடையில் இல்லையென்றால் பெரிய நூலகங்களில் கேளுங்கள்.

இரண்டாவது, ஜேம்ஸ் லெக் 1891இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசம். நடை பழையது. சில இடங்களில் எதுகைக்காக வரியை வளைத்திருப்பார். ஆனாலும் உடன் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

மூன்றாவது, சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட் என்ற இணையதளம். இதுவும் இலவசம். சீன மூலமும் லெக்கின் ஆங்கிலமும் பத்தி பத்தியாக அடுத்தடுத்து இருக்கும். சீன எழுத்தைத் தொட்டால் அகராதி விளக்கம் வரும். சீனம் தெரியாதவர்களுக்கு இதுதான் பெரிய துணை. ஓர் எழுத்து இங்கேயும் இன்னோர் அத்தியாயத்திலும் ஒன்றுதானா என்று கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஒன்றே ஒன்று: டி. சி. லாவ் 1963இல் பெங்குவினுக்காகச் செய்த மொழிபெயர்ப்பு. பழைய புத்தகக் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும். அதன் முன்னுரைக்காகவே வாங்கலாம், காரணத்தை ஐந்தாம் படியில் சொல்கிறேன். ராபர்ட் ஹென்ரிக்ஸின் இரண்டு நூல்கள், அதாவது மாவாங்துய் பட்டுச்சுவடிகளுக்கான 1989ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் குவோதியன் மூங்கில் ஏடுகளுக்கான 2000ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் (இரண்டும் கல்லறைகளில் கிடைத்த பழைய படிகள்), நூலகத்தில் இரவல் கிடைத்தால் போதும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. பக்கத்துக்கு ஒரு படமும் ஒரு பொன்மொழியுமாக வரும் ‘லாவோ ட்சு சிந்தனைகள்’ வகைப் புத்தகங்களில் அத்தியாய எண் இருக்காது. எண் இல்லாத மேற்கோளைச் சரிபார்க்க வழியில்லை. ஆங்கிலப் பதிப்பு எதை எடுத்தாலும் முன்னுரையைப் புரட்டி, மொழிபெயர்ப்பாளர் சீன மூலத்திலிருந்து செய்தாரா, வேறு ஆங்கிலப் பதிப்புகளைப் பார்த்துத் தன் நடையில் எழுதினாரா என்று பாருங்கள். இரண்டாம் வகை அழகாக இருக்கும். ஆனால் நம் வேலைக்கு உதவாது.

தேடும்போது எழுத்துக்கூட்டல் தொல்லை கொடுக்கும். தாவோ தே ஜிங், டாவ் டே சிங், தாவோ தே கிங் மூன்றும் ஒரே நூல்தான். லாவோசி, லாவோ ட்சு, லாவ் ட்ஸூ மூவரும் ஒருவரே. நூலகப் பட்டியலில் ஒரு பெயரில் இல்லையென்றால் மற்றதில் தேடுங்கள்.

2. எவ்வளவு காலம் ஒதுக்குவது

நூல் முழுவதும் சுமார் 5000 சீன எழுத்துகள், 81 அத்தியாயங்கள். ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம். முதலில் அப்படி ஒருமுறை, எங்கும் நிற்காமல் படித்துவிடுங்கள். அதன்பிறகு இந்த ஒரு கருத்துக்கு மட்டும் ஒரு மாதம் கொடுங்கள். முதல் வாரம் 40ஆம் அத்தியாயம், அடுத்த வாரம் 58ஐச் சுற்றியுள்ளவை, பிறகு இரண்டு வாரம் முழுக்க 16. மற்றவை இடையில் தாமாக வந்து சேரும். ஒரு நாளைக்கு அரைமணிக்கு மேல் உட்கார வேண்டியதில்லை.

3. 40ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள்

நூலிலேயே மிகச் சிறிய அத்தியாயம் இதுதான். மூலத்தில் மொத்தம் 21 எழுத்துகள். அதை மூன்று வரியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்:

திரும்புவது தாவோவின் இயக்கம்.
மென்மை தாவோ செயல்படும் விதம்.
உலகத்துப் பொருள்கள் எல்லாம் ‘உள்ளது’ என்பதிலிருந்து பிறக்கின்றன. ‘உள்ளது’ ‘இல்லாதது’ என்பதிலிருந்து பிறக்கிறது.

மேற்கோளாகச் சுற்றிவருவது முதல் வரி மட்டும்தான். மற்ற இரண்டும் கழன்று விழுந்துவிடும். முதல் பொறி இது. இரண்டாம் வரியை விட்டுவிட்டால் முதல் வரி வெறும் சுழற்சியாகிவிடும். தாவோ திரும்புகிறது, அதுவும் மென்மையாக, வற்புறுத்தாமல் திரும்புகிறது. மூன்றாம் வரி எங்கே திரும்புகிறது என்பதைக் காட்டுகிறது. பொருள்கள் வந்த வழி ஒன்று உண்டு: இல்லாததிலிருந்து உள்ளது, உள்ளதிலிருந்து பொருள்கள். திரும்புதல் என்பது அந்த வழியிலேயே பின்னோக்கிப் போவது. மூன்று வரியையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

இப்போது லெக்கையும் லாவையும் பக்கத்தில் வையுங்கள். லெக் முதல் வரிக்கு ‘எதிர்மாறாக நடப்பது’ என்று பொருள் கொள்கிறார், லாவ் ‘திரும்பி வருவது’ என்கிறார். மூலத்தில் உள்ள ‘ஃபான்’ என்ற எழுத்துக்கு இரண்டு பொருளும் உண்டு. யாரும் பிழை செய்யவில்லை. குவோதியன் ஏடுகளில் இதே இடத்தில் ‘திரும்பி வருதல்’ என்று மட்டும் பொருள்படும் எழுத்து நிற்கிறது. அந்த ஏடுகள் 1993இல் ஹூபே மாநிலத்தில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்தவை. பொ.ஆ.மு. 300ஐ ஒட்டியவை. நம் கைக்கு வந்துள்ள இந்நூலின் படிகளிலேயே மிகப் பழையவை. ஆகவே முதல் வாசிப்பில் ‘திரும்பி வருதல்’ என்ற பொருளை முன்னால் வையுங்கள். ‘எதிர்’ என்ற பொருளை அழித்துவிட வேண்டாம், வேறு அத்தியாயங்களில் அது வேண்டியிருக்கும்.

உரையாசிரியர்களை இந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பாருங்கள். பொ.ஆ. 226 முதல் 249 வரை, இருபத்து மூன்றே ஆண்டுகள் வாழ்ந்த வாங் பி இப்படி விளக்குகிறார்: உயர்வுக்குத் தாழ்வு அடித்தளம், மேன்மைக்கு எளிமை வேர், உள்ளதற்கு இல்லாதது பயன். இதுதான் ‘ஃபான்’. காலத்தில் ஒன்று போய் இன்னொன்று வருவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. உயர்வு நிற்கும் அந்த நேரத்திலேயே அதன் அடியில் தாழ்வு தாங்கிக்கொண்டிருக்கிறது என்கிறார். ஹஷாங் கோங் பெயரில் வழங்கும் உரையோ ‘ஃபான் என்றால் வேர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. சக்கரம் சுற்றுவதைப் பற்றி இருவருமே பேசவில்லை. இதைக் கவனித்தபோதுதான் எனக்கு இந்த அத்தியாயம் திறந்துகொண்டது.

இன்னொரு சின்ன உபாயம். மாவாங்துய் சுவடிகள் 1973இல் சாங்ஷா நகரில், பொ.ஆ.மு. 168இல் மூடிய கல்லறையில் கிடைத்தவை. அவற்றில் அத்தியாய வரிசை 41, 40, 42 என்று போகிறது. நீங்களும் ஒருமுறை அந்த வரிசையில் படித்துப் பாருங்கள். 41 ‘ஒளியான வழி இருண்டது போலத் தோன்றும், முன்னேறும் வழி பின்வாங்குவது போலத் தோன்றும்’ என்கிறது. உடனே 40 ‘திரும்புதலே இயக்கம்’ என்கிறது. 42 ‘தாவோ ஒன்றைப் பெற்றது, ஒன்று இரண்டை, இரண்டு மூன்றை, மூன்று எல்லாவற்றையும்’ என்று வெளியே வந்த வழியைச் சொல்கிறது. போன வழியும் வந்த வழியும் அடுத்தடுத்து நிற்கும்.

4. மூன்று தாள்கள் எடுத்துக்கொள்ளுங்கள்

குழப்பத்துக்கெல்லாம் காரணம், மூன்று வேறு விஷயங்களை ‘திரும்புதல்’ என்ற ஒரே தலைப்பில் போட்டுவைப்பது. ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுங்கள்.

முதல் தாள்: ஒன்று தன் எதிராக மாறுவது.
இரண்டாம் தாள்: வேருக்குத் திரும்புவது.
மூன்றாம் தாள்: உண்மை தலைகீழாகத் தோன்றுவது.

நூலைப் புரட்டும்போது எந்த வரி எந்தத் தாளுக்கு என்று எண்ணோடு குறித்துக்கொண்டே போங்கள். ‘ஃபான்’ என்ற எழுத்து வழக்கமான மூலத்தில் நான்கே இடங்களில் வருகிறது: 25, 40, 65, 78. இவற்றில் 25 தெளிவாகத் திரும்பி வருவதைச் சொல்கிறது: பெரியது போய்க்கொண்டே இருக்கும், போவது தொலைவாகும், தொலைவானது திரும்பும். 65உம் 78உம் எதிர்மாறைச் சொல்கின்றன. 40 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இரண்டாம் தாளுக்கு வேறு இரண்டு எழுத்துகள்: ‘ஃபூ’, ‘குய்’. முன்னது மீண்டு வருதல், பின்னது வீடு சேர்தல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒலிபெயர்ப்பில் ‘மீண்டு வருதல்’, ‘நற்பேறு’ இரண்டும் ‘ஃபூ’ என்றே எழுதப்படும். 58ஆம் அத்தியாயத்தில் இரண்டுமே வருகின்றன. ஒலியை வைத்துத் தேடினால் தாள்கள் கலந்துவிடும். எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே பிரியுங்கள்.

5. முதல் தாள்: எதிராக மாறுவது

படிக்க வேண்டியவை 58, 36, 9, 22, 30, 55, 77.

58 சொல்வது: கேடு, அதன்மேல் சாய்ந்து நிற்கிறது நற்பேறு. நற்பேறு, அதன் அடியில் பதுங்கியிருக்கிறது கேடு. இதன் எல்லை யாருக்குத் தெரியும்?

பலர் கடைசிக் கேள்விக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கேள்விதான் முக்கியம். எப்போது மாறும், மாறியது எங்கே நிலைக்கும் என்று நூல் சொல்ல மறுக்கிறது. நேராக இருப்பது கோணலாகும், நல்லது கெட்டதாகும் என்று அடுத்து வருகிறது. கெட்டது நல்லதாகும் என்ற உறுதிமொழி பின்னால் வரவில்லை.

இங்கேதான் லாவின் முன்னுரை உதவும். ஏறுவதும் இறங்குவதும் சமமான சுழற்சி என்று வைத்துக்கொண்டால் லாவோ ட்சுவின் அறிவுரை பொருளற்றுப் போகும் என்று அவர் வாதாடுகிறார். யோசித்துப் பாருங்கள். தாழ்ந்தது எப்படியும் உயரும், உயர்ந்தது எப்படியும் விழும் என்றால், ‘ஆணை அறி, பெண்மையைக் காத்துக்கொள்’ என்று 28 ஏன் தாழ்வில் நிற்கச் சொல்ல வேண்டும்? நின்றாலும் ஏறித்தானே தீருவோம், ஏறினால் விழுந்துதானே ஆக வேண்டும்? நூல் உறுதியாகச் சொல்வது ஒரு பக்கத்தைத்தான். உச்சிக்குப் போனது இறங்கும். 30உம் 55உம் ஒரே வரியைத் திருப்பிச் சொல்கின்றன: முற்றிய பொருள் மூப்படையும், அது தாவோ அல்ல, தாவோ அல்லாதது சீக்கிரம் முடியும். விழுவது தானாக நடக்கும். எழுவது அப்படியல்ல.

ஆகவே கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்கு ஆறுதல் சொல்ல இந்த அத்தியாயங்களை எடுத்து நீட்டாதீர்கள். ‘பொறு, எல்லாம் மாறும்’ என்பது நல்ல சொல்தான், ஆனால் இந்த நூலின் சொல் அல்ல. இவை பெரும்பாலும் மேலே இருப்பவருக்கான எச்சரிக்கைகள். அரசனுக்கு, படைத்தலைவனுக்கு, பொன்னும் மணியும் கூடத்தில் குவித்தவனுக்கு. 9ஆம் அத்தியாயம் கூறுவது அதைத்தான்: வேலை முடிந்ததும் விலகிக்கொள். 77இல் வானத்தின் வழி வில்லை வளைப்பதைப் போலச் செயல்படுகிறது, மேல்நுனி தாழ்கிறது, கீழ்நுனி உயர்கிறது. மிகுந்ததிலிருந்து எடுத்துக் குறைந்ததற்குக் கொடுக்கிறது. மனிதர் வழி அதற்கு நேர்மாறு என்று உடனே சேர்த்துச் சொல்கிறது. அந்தக் கோபத்தை விட்டுவிடாமல் படியுங்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். குதிரை ஓடிப்போகும், இன்னொரு குதிரையோடு திரும்பும், மகன் கால் ஒடியும், அதனாலேயே போருக்குப் போகாமல் பிழைப்பான் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அது லாவோ ட்சு நூலில் இல்லை. பொ.ஆ.மு. 139இல் இளவரசர் லியூ ஆன் ஹான் பேரரசருக்குக் கொடுத்த ‘ஹுவாய்நான்சி’ நூலின் 18ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ‘எல்லை மீறினால் திரும்பியே தீரும்’ என்ற சீனப் பழமொழியும் தாவோ தே ஜிங் வரி அல்ல. இரண்டையும் தாளின் ஓரத்தில் தனியாக எழுதி வையுங்கள். லாவோ ட்சு வாயில் வைக்காதீர்கள்.

6. இரண்டாம் தாள்: வேருக்குத் திரும்புவது

மாதத்தின் பாதியை இங்கே செலவிடுங்கள். அத்தியாயம் 16.

வெறுமையின் எல்லைவரை போ, அமைதியை உறுதியாகக் காத்துக்கொள். எல்லாம் ஒருசேர எழுகின்றன, நான் அவை மீள்வதைப் பார்க்கிறேன். தழைத்துச் செழித்தவை ஒவ்வொன்றும் தன் வேருக்குத் திரும்புகின்றன. வேருக்குத் திரும்புவது அமைதி எனப்படும். இதன் பிறகு ஒரு சங்கிலி வருகிறது: அமைதி, தனக்கு விதிக்கப்பட்டதற்கு மீளுதல், மாறாதது, தெளிவு. மாறாததை அறியாமல் கண்டபடி செயல்படுவது கேடு. அறிந்தவர் எல்லாவற்றையும் ஏற்கும் மனம் பெறுவார், பாரபட்சமற்றவராவார்.

முதலில் கவனிக்க வேண்டியது, யார் திரும்புகிறார்கள் என்பது. பொருள்கள் திரும்புகின்றன. ‘நான்’ பார்க்கிறது. குவோதியன் ஏட்டில் இதே இடத்தில் இன்னும் அடக்கமான சொல் இருக்கிறது: இருந்தபடியே மீள்வதற்காகக் காத்திருக்கிறேன். அந்த ஏட்டில் அத்தியாயத்தின் முன்பகுதி மட்டுமே உண்டு. ‘வேருக்குத் திரும்புகின்றன’ என்பதோடு முடிந்துவிடுகிறது, சங்கிலி இல்லை. இரண்டு வடிவத்தையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். குறுகியதில் கட்டளையோ பலனோ இல்லை. வெறுமை, காத்திருத்தல், திரும்பும் பொருள்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சின்ன வடிவம்தான் நெருக்கமானது.

தமிழ் வாசகர்களுக்கென்றே ஒரு பொறி இங்கே உண்டு. ‘வேருக்குத் திரும்புதல்’ என்றதும் நம் மனம் தானாகத் திருவடி சேர்தல், வீடுபேறு, வினை தீர்தல் என்று ஓடும். நாம் வளர்ந்த மொழி அப்படி. ஆனால் 16இல் உயிர் என்றோ, இறைவன் என்றோ, பிறவி என்றோ, வினை என்றோ எதுவும் இல்லை. தழைத்தது அடங்குகிறது, அவ்வளவே. அந்த அடங்குதலும் பொருளின் இயல்பு, யாரும் கொடுத்த விடுதலை இல்லை. ஒப்பிட விரும்பினால் மாத முடிவில் ஒப்பிடுங்கள். முதல் வாசிப்பிலேயே நம் சொற்களை ஊற்றிவிட்டால் மூலத்தின் சுவை தெரியாது.

அடுத்து 28. மூன்று முறை ‘திரும்பு’ என்கிறது: குழந்தைக்குத் திரும்பு, எல்லையற்றதற்குத் திரும்பு, செதுக்காத மரத்துக்குத் திரும்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘இதை அறி, அதைக் காத்துக்கொள்’ என்று ஓர் இணை இருக்கும். ஆணை அறிந்துதான் பெண்மையைக் காக்க வேண்டும், வெண்மையை அறிந்துதான் கருமையை. அறியாதவர் திரும்புவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வலிமை தெரிந்த பிறகு மென்மையைத் தேர்ந்து நிற்பவர்தான் குழந்தைக்குத் திரும்ப முடியும். ‘பழைய காலத்துக்குப் போய்விடுவோம், படிப்பு வேண்டாம்’ என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் இந்த முதல் பாதியைக் கவனிப்பதில்லை. (80ஆம் அத்தியாயத்தில் எழுத்தை விட்டு முடிச்சுப் போட்ட கயிற்றுக்குத் திரும்பச் சொல்லும் சின்ன நாடு வருகிறது. அது ஆட்சி பற்றிய வேறு விவாதம், முதல் மாதத்தில் தொடவேண்டாம்.)

52 தாயை அறிந்து பிள்ளையை அறி, பிள்ளையை அறிந்தபின் மீண்டும் தாயைப் பற்றிக்கொள் என்கிறது. 14 ‘பொருளற்ற நிலைக்கு’ மீள்கிறது. இவை இரண்டையும் 16ஐப் படித்த கண்ணோடு வேகமாகப் பார்த்துவிடலாம்.

ஆனால் 20ஐத் தவறவிடாதீர்கள், யாரும் இந்தப் பட்டியலில் சேர்க்காத அத்தியாயம் அது. ஊரே விருந்துக்குப் போவது போலக் களித்திருக்கிறது. நான் மட்டும் இன்னும் சிரிக்கத் தெரியாத பச்சிளங்குழந்தை போல, சோர்ந்து, வீடு திரும்ப இடமில்லாதவன் போல இருக்கிறேன் என்று ஒரு குரல் பேசுகிறது. இங்கே வருவதும் அதே ‘குய்’ எழுத்துதான். எல்லாப் பொருளும் வேருக்குத் திரும்புவதைப் பார்த்தவருக்கு ஊருக்குள் திரும்ப வீடில்லை. கடைசி வரியில் மட்டும், தாயிடம் உண்பதைப் பெரிதாக நினைக்கிறேன் என்கிறார். திரும்புதலுக்கு ஒரு விலை இருக்கிறது, நூல் அதை மறைக்கவில்லை.

7. மூன்றாம் தாள்: தலைகீழாகத் தோன்றும் உண்மை

சுருக்கமாக முடித்துவிடலாம். 41, 45, 65, 78. ‘நிறைவானது குறையுள்ளது போலத் தோன்றும், மிக நேரானது வளைந்தது போலத் தோன்றும்’ போன்ற வரிகள் எல்லாம் இந்தத் தாளுக்கு. 78 தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு, நாட்டின் அழுக்கைத் தன்மேல் ஏற்பவரே நாட்டுக்குத் தலைவர் என்று சொல்லி, ‘நேரான சொல் எதிர்மாறானது போலத் தோன்றும்’ என்று முடிகிறது. இங்கே எதுவும் எதுவாகவும் மாறுவதில்லை. நம் பார்வைதான் திரும்பி நிற்கிறது. ‘போலத் தோன்றும்’ என்ற சொல் இருந்தால் மூன்றாம் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

8. யி ஜிங்கின் 24ஆம் குறியை ஒருமுறை கையால் வரையுங்கள்

யி ஜிங் என்பது குறி பார்க்கப் பயன்பட்ட பழைய சீன நூல், கன்பூசிய மரபுக்கும் தாவோ மரபுக்கும் பொதுவானது. அதன் 64 குறிகளில் 24ஆவதன் பெயர் ‘ஃபூ’, நம் ‘மீண்டு வருதல்’தான். லெக் இதையும் 1882இல் மொழிபெயர்த்திருக்கிறார், இலவசம்.

ஒரு தாளில் அடியிலிருந்து தொடங்குங்கள். முதலில் முழுக் கோடு ஒன்று. அதன்மேல் நடுவில் உடைந்த கோடுகள் ஐந்து. உடைந்தவை யின், அதாவது இருள்; முழுவது யாங், அதாவது வெளிச்சம். இதற்கு முந்தைய 23ஆம் குறியில் ஒரே முழுக் கோடு உச்சியில் தனியாக நிற்கும், உரிந்து விழப் போகும் நிலை. அடுத்த குறியில் அது அடியில் முளைத்திருக்கிறது. மேலே ஐந்தும் இன்னும் இருள்தான். எதுவும் மாறியதாக வெளியே தெரியாது.

சீன மரபில் இது குளிர்கால உச்சி நாளுக்கு, அதாவது டிசம்பர் 21 அல்லது 22க்கு, உரிய குறி. பகல் மிகக் குறுகிய நாள், அதிலிருந்து வெளிச்சம் மீள்கிறது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் அன்று சீன வீடுகளில் சர்க்கரைப் பாகில் அரிசிமா உருண்டைகள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாளுக்கு இந்தக் குறியின் உரையில் ஒரு செய்தி இருக்கிறது: முற்கால அரசர்கள் அன்று எல்லைக் கதவுகளை மூடினர், வணிகரும் வழிப்போக்கரும் பயணம் போகவில்லை, அரசனும் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை. வெளிச்சம் திரும்பும் நாளில் கொண்டாடி ஓடவில்லை, எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். 16இல் திரும்புதலும் அமைதியும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வாங் பி இந்தக் குறிக்கு எழுதிய உரையிலும் ‘மீளுதல் என்றால் வேருக்குத் திரும்புதல்’ என்றே சொல்கிறார்.

ஆறு கோடுகளுக்கான குறிப்புகளில் முதலாவதையும் கடைசியையும் மட்டும் படியுங்கள். அடிக்கோடு: தொலைவு போகாமலே திரும்புதல். உச்சிக்கோடு: வழி தவறித் திரும்புதல், அது கேடு. திரும்பினாலே நல்லது என்று யாராவது சொன்னால் இந்த உச்சிக்கோட்டைக் காட்டுங்கள்.

காசு சுண்டிக் குறி பார்க்கும் செயலிகள் நிறைய இருக்கின்றன. இந்தப் படிப்புக்கு அவை வேண்டாம்.

9. சுவாங் ட்சுவில் ஒரே ஒரு பகுதி

சுவாங் ட்சு தாவோ மரபின் இன்னொரு பழைய நூல், ஆசிரியர் பெயரே அதன் பெயர். அதன் 33 அத்தியாயங்களையும் இப்போது எடுக்காதீர்கள். 18ஆம் அத்தியாயத்தில், மனைவி இறந்தபின் சுவாங் ட்சு தரையில் உட்கார்ந்து ஒரு பாண்டத்தைத் தட்டிப் பாடும் இடத்தைப் படியுங்கள். நண்பர் ஹுய் ட்சு கடிந்துகொள்கிறார். சுவாங் ட்சுவின் பதில் ‘எனக்கு வருத்தமே இல்லை’ என்று தொடங்கவில்லை. அவள் இறந்தபோது நான் மட்டும் கலங்காமலிருப்பேனா என்றுதான் தொடங்குகிறது. பிறகு அவள் தொடக்கத்தை எண்ணிப் பார்க்கிறார். உயிர் இல்லை, உருவமும் இல்லை, மூச்சாற்றலும் இல்லை. மங்கலான ஏதோ ஒன்றில் மாற்றம் வந்து மூச்சாற்றல், அது மாறி உருவம், அது மாறி உயிர், இப்போது இன்னொரு மாற்றமாகச் சாவு. பருவங்கள் நான்கும் வருவது போல. 40ஆம் அத்தியாயத்தின் மூன்றாம் வரி ஒரு மனிதரின் துக்கத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே தெரியும். துக்கம் முதலில், புரிதல் பிறகு. அந்த வரிசையை மாற்றிச் சொல்லும் சுருக்கங்களை நம்பாதீர்கள்.

10. உடலில் ‘திருப்பும்’ பயிற்சிகள்: பணம் கட்டுவதற்கு முன்

திரும்புதல் பற்றித் தேடினால் ‘நெய்தான்’ என்னும் உள்ரசவாதப் பயிற்சிகளும் கண்ணில் படும். ‘போக்கில் போனால் மனிதர் பிறப்பர், எதிர்த்துத் திருப்பினால் அமரர் ஆவர்’ என்பது அந்த மரபின் வாக்கு. 42ஆம் அத்தியாயத்தின் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையை உடலுக்குள் பின்னோக்கி நடத்துவதாக அவர்கள் கொள்கிறார்கள். தாவோ தே ஜிங்குக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வளர்ந்தது அது. நூலிலேயே இருப்பதாகச் சொல்லி விற்பவர்களிடம் எந்த அத்தியாயம் என்று கேளுங்கள்.

நம்மவர்களுக்குச் சித்தர் மரபு உடனே நினைவுக்கு வரும். போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்ற மரபுக் கதையும் இருக்கிறது. அந்த ஆர்வம் நல்லதுதான். ஆனால் சித்தர்களின் மூச்சுப் பயிற்சியான வாசியோகத்தையும் நெய்தானையும் ஒன்றென்று சொல்லி வகுப்பு நடத்துபவர்களிடம் கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: யாரிடம் கற்றீர்கள், எந்த நூலை வைத்துச் சொல்கிறீர்கள், அந்த நூலை நான் படிக்க முடியுமா? மூன்றாவதற்கு ‘ரகசியம்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டாலும் அப்படியே. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, மனநலச் சிகிச்சை என்று எதுவும் இருந்தால், மூச்சை அடக்கும் எந்தப் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இந்த மரபு எதைத் திருப்ப நினைத்தது என்று பார்க்க மட்டும் ஆசையென்றால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பெய்ஜிங் வெண்மேகக் கோயிலில் 1886இல் செதுக்கிய ‘நெய்ஜிங் து’ என்ற கல் உண்டு. அதன் அச்சுப்படிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. பக்கவாட்டில் பார்த்த மனித உடல், மலைநாடாக விரிந்திருக்கும். அடியில் ஒரு சிறுவனும் சிறுமியும் நீர்ச்சக்கரத்தை மிதிக்கிறார்கள், அருகே ஒருவர் எருது பூட்டி உழுகிறார். தண்ணீர் கீழே ஓடாமல் முதுகெலும்பு வழியாகத் தலை என்னும் மலைக்கு ஏறுகிறது. படத்தைத் திரையில் பெரிதாக்கி, சக்கரத்திலிருந்து மேல்நோக்கி அந்த நீரோட்டத்தைத் தொடர்ந்து பாருங்கள். முதல் மாதத்துக்கு இந்த மரபில் இதற்குமேல் வேண்டியதில்லை.